கருவிக்கு எழுதும் குறிப்பும் ஓர் அமானிதமே

தொழுகை நேரத்தை அறியப் பள்ளிவாசல் அட்டவணையைப் பார்த்த காலம் போய், கைபேசிச் செயலியைப் பார்க்கும் காலம் வந்தது. இப்போது அதுவும் மாறிவருகிறது. “இன்று அஸ்ர் எத்தனை மணிக்கு?”, “என்னிடமுள்ள நகைக்கு ஜகாத் கடமையா?”, “இன்று ஹிஜ்ரி தேதி என்ன?” என்று செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் நுழைந்துவிட்டது. சில நொடிகளில், நல்ல தமிழில், எந்தத் தயக்கமும் இன்றிப் பதில் வருகிறது. அந்தத் தயக்கமின்மையே இக்கட்டுரையின் கவலை.

அப்பதில் சரியாக இருப்பதும் பிழையாக இருப்பதும் பெரும்பாலும் நாம் ஒருபோதும் காணாத ஒரு சிறு பத்தியைப் பொறுத்தது. அதை எழுதுபவர் ஒரு மென்பொருள் பொறியாளர். அவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே அந்தப் பத்தியைப் பற்றிப் பேசுவது துறை வல்லுநர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

முகவர் எதைப் பார்க்கிறது?

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற உதவியாளர்களின் உள்ளே இருப்பது ஒரு மொழி மாதிரி. ஏராளமான எழுத்துகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டதால் அது கோவையாகப் பேசும். ஆனால் இன்று உங்கள் ஊரில் சூரியன் எப்போது மறையும், இன்றைய தங்க விலை என்ன என்பவற்றை அது தன்னளவில் அறியாது. அவற்றை அறிய வெளியிலுள்ள மென்பொருள்களை அழைத்துப் பயன்படுத்த வேண்டும். அவ்வாறு அழைக்கப்படும் ஒவ்வொன்றும் ஒரு கருவி. கருவிகளைத் தானே தேர்ந்தெடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக இயக்கி, ஒப்படைத்த வேலையை முடிக்கும் அமைப்பைத்தான் ‘ஏஜென்ட்’, அதாவது முகவர் என்கிறார்கள்.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாதிரிகள் இவ்வாறு வெளி மென்பொருள்களை அழைப்பதற்கான வசதியைப் பொறியாளர்களுக்குத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. அந்த நெறிமுறைப்படி ஒருவர் உருவாக்கும் கருவியை வேறு நிறுவனங்களின் முகவர்களும் பயன்படுத்தலாம். ஓர் ஊரில் ஒருவர் எழுதிய கருவி, அவர் கண்டறியாத ஒரு குடும்பத்தின் கேள்விக்கு விடை சொல்லும் நிலை இவ்வாறு உருவானது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. முகவர் பொதுவாகக் கருவியின் உட்புற நிரலைப் படிப்பதில்லை. அதன் முன் வைக்கப்படுபவை மூன்று: கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று சொல்லும் விளக்கக் குறிப்பு, அதற்குக் கொடுக்க வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல். மளிகைக் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்துத்தான் பொருளை எடுப்பான். சீட்டில் ‘மாவு’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது அரிசி மாவா கோதுமை மாவா என்று தெரியாமலே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவான். குற்றம் பையனுடையதன்று, சீட்டு எழுதியவருடையது.

‘தொழுகை நேரங்களைத் தரும்’

ஒரு பொறியாளர் தொழுகை நேரக் கருவி ஒன்றை உருவாக்கி, அதன் குறிப்பில் “தொழுகை நேரங்களைத் தரும். உள்ளீடு: ஊர்” என்று மட்டும் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கணக்கீடு முழுவதும் பிழையற்றது. ஆனால் குறிப்பில் எத்தனை இடைவெளிகள் உள்ளன என்று பாருங்கள்.

முதலாவது, அஸ்ர். ஷாஃபிஈ மத்ஹபில், நண்பகல் நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் அளவை அடையும்போது அஸ்ர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் பெரும்பாலும் பின்பற்றப்படும் கருத்துப்படி, அந்நிழல் இரு மடங்காக வேண்டும். சென்னையின் அட்சரேகையில் இவ்விரண்டுக்கும் இடையே டிசம்பரில் ஏறத்தாழ 50 நிமிடங்களும், ஜூனில் ஒரு மணி நேரத்துக்கும் மேலும் வேறுபாடு வருகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி. உள்மாவட்டங்களில் ஹனஃபி மத்ஹபினர் மிகுதி. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ. எந்த மத்ஹபின்படி கணக்கிடுகிறது என்று சொல்லாத கருவி ஒருவரை அவருடைய வக்துக்கு முன்பே தொழவைக்கும். மற்றொருவரை ஜமாஅத்தைத் தவறவிடச் செய்யும்.

இரண்டாவது, ஃபஜ்ர். சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது வைகறை தொடங்குகிறது என்பதில் கணக்கீட்டு முறைகள் வேறுபடுகின்றன. கராச்சி இஸ்லாமியக் கல்விப் பல்கலைக்கழக முறையிலும் முஸ்லிம் வேர்ல்டு லீக் முறையிலும் 18 பாகை. வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் முறையில் 15 பாகை. எகிப்திய முறையில் 19.5 பாகை. நம் ஊர்களில் 18 பாகைக்கும் 15 பாகைக்கும் இடையே ஏறத்தாழ 12 நிமிடங்கள் உள்ளன. ஆண்டு முழுவதும் இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். ரமளானில், ஸஹர் முடிவு நேரத்தைக் கேட்டு உண்ணும் குடும்பத்துக்கு அந்த 12 நிமிடங்கள் நோன்பு கூடுமா என்ற கேள்வியாகவே மாறிவிடும்.

மூன்றாவது, ஊர். சேலம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் அதுவே. உள்ளீட்டில் நாட்டின் பெயரையும் கேட்காத கருவி எந்தச் சேலத்தை எடுத்துக்கொள்ளும்? விடையாக வரும் நேரம் உள்ளூர் நேரமா, கிரீன்விச்சை அடியொற்றிய உலகப் பொது நேரமா? பின்னதாக இருந்தால் இந்திய நேரத்துடன் ஐந்தரை மணி நேர வேறுபாடு வரும்.

அல்-அதான் என்னும் இணையச் சேவை இவற்றில் பலவற்றுக்குத் தனித்தனி உள்ளீடுகளை வைத்திருக்கிறது. கணக்கீட்டு முறைக்கு ஓர் எண், அஸ்ருக்குரிய மத்ஹபுக்கு 0 அல்லது 1, ஹிஜ்ரி தேதியை முன்பின் நகர்த்த ஓர் எண். அதன் ஆவணத்தில் 0 என்பது ஷாஃபிஈ, 1 என்பது ஹனஃபி என்று விளக்கமும் உண்டு. ஆனால் அந்தச் சேவையை எடுத்து முகவருக்கான கருவியாக மாற்றும் பொறியாளர், “ஸ்கூல்: 0 அல்லது 1” என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் அந்த விளக்கம் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஸ்கூல்’ என்பது மத்ஹபையும் குறிக்கும், பள்ளிக்கூடத்தையும் குறிக்கும். அது மத்ஹபையே குறிக்கிறது என்று முகவர் உணர்ந்தாலும், 0 எது, 1 எது என்பதை ஊகிக்க வேண்டியிருக்கும்.

பதினொரு பவுனும் பதினொரு கிராமும்

ஜகாத் கணக்கில் இடைவெளியின் விலை இன்னும் தெளிவாகத் தெரியும். தங்கத்தின் நிஸாபை 85 கிராம் என்று கொள்வோரும் உண்டு, 87.48 கிராம் என்று கொள்வோரும் உண்டு. வெள்ளிக்கு 595 கிராம் என்றும் 612.36 கிராம் என்றும் கணக்குகள் உள்ளன. நம் வீடுகளில் நகையைக் கிராமில் சொல்பவர் குறைவு, பவுனில்தான் சொல்வோம். ஒரு பவுன் 8 கிராம்.

ஜகாத் கணக்கிடும் கருவி ஒன்றின் உள்ளீடு ‘எடை’ என்று மட்டும் இருக்கிறது என்று கொள்வோம். ஒரு தாய், “என்னிடம் பதினொரு பவுன் இருக்கிறது, ஓராண்டு ஆகிவிட்டது” என்கிறார். முகவர் 11 என்ற எண்ணைக் கருவிக்கு அனுப்புகிறது. கருவியோ அதைக் கிராம் என்று எடுத்துக்கொண்டு, நிஸாப் எட்டவில்லை, ஜகாத் கடமையில்லை என்று விடை தருகிறது. உண்மையில் அவரிடமிருப்பது 88 கிராம். மேற்சொன்ன இரு அளவுகளையும் அது தாண்டிவிட்டது. ஓர் ஏழைக்குச் சேர வேண்டிய உரிமை, ‘கிராமில்’ என்ற ஒரு சொல் எழுதப்படாததால் சேராமல் போகிறது. அந்தத் தாய்க்கும் தெரியாது. அந்த ஏழைக்கும் தெரியாது. குறிப்பை எழுதியவருக்கும் தெரியாது.

அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதிலேயே மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நாம் அறிவோம். கருவியின் குறிப்பு அதையும் சொல்லாவிட்டால், நிரல் எழுதியவர் தற்செயலாகத் தேர்ந்த கருத்தே மார்க்கத் தீர்ப்பாகக் குடும்பத்தைச் சென்றடையும்.

‘அதுவே புரிந்துகொள்ளும்’ என்ற வாதம்

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. “இன்றைய மாதிரிகள் மிகவும் கூர்மையானவை. இவ்வளவு விரித்து எழுதத் தேவையில்லை, அவையே புரிந்துகொள்ளும்” என்பார்கள். அவை கூர்மையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. பவுன் என்றால் என்ன என்றும், ஷாஃபிஈ, ஹனஃபி வேறுபாடு என்ன என்றும் கேட்டால் அவை நன்றாகவே விளக்கும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட கருவி எதை எதிர்பார்க்கிறது என்பது உலக அறிவால் கிடைக்கும் செய்தியன்று. அதை எழுதியவர் ஒருவருக்கே அது தெரியும். அவர் சொல்லாமல் விட்டதை எவ்வளவு கூர்மையான அறிவாலும் ஊகிக்கத்தான் முடியும்.

அறிவு கூடக் கூட ஊகம் நயமான சொற்களில் வரும். அறியாதவன் தடுமாறினால் நாம் எச்சரிக்கை அடைகிறோம். தடுமாற்றமே இல்லாத மொழியில் வரும் ஊகத்தை நாம் அறிவென்று நம்பிவிடுகிறோம்.

என்னை மிகவும் உறுத்துவது இதைவிட ஆழமான ஒன்று. நம் இமாம்கள் நூற்றாண்டுகளாக ஆய்ந்து, ஒருவரையொருவர் மதித்து வைத்திருந்த கருத்து வேறுபாடுகள் உள்ளன. உள்ளூர்ப் பிறை, சர்வதேசப் பிறை, கணக்கீடு என்று நம்மிடையே இன்றும் நிலைப்பாடுகள் பலவாக உள்ளன. சவூதி அரேபியாவின் உம்முல் குரா நாள்காட்டி கணக்கின்படி அமைந்தது. தமிழ்நாட்டில் தலைமைக் காஜியும், இலங்கையில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் பிறை பார்த்து அறிவிக்கும் தேதி பல மாதங்களில் அதனின்று வேறுபடும். ‘ஹிஜ்ரி தேதியைத் தரும்’ என்று மட்டும் சொல்லும் கருவி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறது. எதுவும் குறிப்பிடாவிட்டால் கருவி தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பைப் பொறியாளர்கள் ‘டீஃபால்ட்’ என்பார்கள். யாரும் விவாதிக்காமல், எந்த ஆலிமும் தீர்ப்பளிக்காமல், ஒரு டீஃபால்ட்டுக்குள் நம் கருத்து வேறுபாடுகள் ஓசையின்றிக் கரைந்துபோகக் கூடாது. எந்த நிலைப்பாடு சரி என்பது இக்கட்டுரையின் பொருளன்று. எந்த நிலைப்பாட்டில் நின்று விடை சொல்லப்பட்டது என்பது கேட்டவருக்குத் தெரிய வேண்டும் என்பதே என் வாதம்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

மேலே சொன்ன தொழுகை நேரக் கருவியின் குறிப்பை இவ்வாறு எழுதலாம்:

“ஓர் இடத்துக்கும் ஒரு தேதிக்கும் உரிய ஐவேளைத் தொழுகைகளின் தொடக்க நேரங்களைச் சூரியனின் நிலையைக் கொண்டு கணக்கிட்டுத் தரும். பள்ளிவாசலில் ஜமாஅத் நடக்கும் நேரத்தை இது தராது. பயனர் அதைக் கேட்டால் இக்கருவியைப் பயன்படுத்த வேண்டாம். ஊரின் பெயருடன் நாட்டின் பெயரும் கட்டாயம். அஸ்ருக்காக மத்ஹபைக் குறிப்பிட வேண்டும்: ‘ஷாஃபிஈ’ அல்லது ‘ஹனஃபி’. தெரியாவிட்டால் ஊகிக்காமல் பயனரிடம் கேட்கவும். கேட்க இயலாவிட்டால் இரு நேரங்களையும் தரவும். ஃபஜ்ர், இஷாவுக்கான கணக்கீட்டு முறை குறிப்பிடப்படாவிட்டால் கராச்சி முறை எடுத்துக்கொள்ளப்படும். விடையில் அம்முறையின் பெயரைக் கட்டாயம் சொல்லவும். நேரங்கள் அவ்வூரின் உள்ளூர் நேரத்தில், 24 மணி முறையில் இருக்கும்.”

இதில் அலங்காரம் எதுவுமில்லை. கருவி என்ன செய்யும், என்ன செய்யாது, எப்போது பயன்படுத்தக் கூடாது, ஒவ்வோர் உள்ளீடும் எந்த வடிவில் வேண்டும், சொல்லாமல் விட்டால் எதை எடுத்துக்கொள்ளும், விடையின் அலகு என்ன ஆகிய ஆறு கேள்விகளுக்கு விடை இருக்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனமும் தன் வழிகாட்டி ஆவணத்தில், ஒரு கருவி சரியாக இயங்குவதற்கு விளக்கக் குறிப்பே மிக முக்கியமான காரணி என்றும், ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது 3, 4 வாக்கியங்களாவது எழுத வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது.

பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். ‘எடை’ என்பதற்குப் பதில் ‘தங்க எடை, கிராமில்’ என்று உள்ளீட்டுக்குப் பெயர் வைத்தால், முகவர் பதினொரு பவுனை 88 ஆக மாற்றி அனுப்ப வழி பிறக்கும். மத்ஹபுக்கு 0, 1 என்ற எண்களைவிட அதன் பெயரையே உள்ளீடாக வைப்பது மேல். பிழையான உள்ளீடு வந்தால், ‘பிழை’ என்று மட்டும் திருப்பி அனுப்பாமல், ‘நாட்டின் பெயர் இல்லை, அதையும் சேர்த்து மீண்டும் அனுப்பவும்’ என்று சொல்லும் கருவி முகவருக்கு வழிகாட்டுகிறது.

நீளமான குறிப்புகளுக்கு விலை உண்டு என்பதும் உண்மை. முகவர் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கக்கூடிய எழுத்தின் அளவுக்கு எல்லை உண்டு, பல கருவிகளின் குறிப்புகள் சேர்ந்து அதை நிரப்பிவிடும், செலவும் கூடும். ஆகவே வளவளவென்று எழுதுவதும் தீர்வாகாது. கருவியின் பெருமையைப் பாடும் வாக்கியங்களை நீக்குங்கள். பிழையைத் தடுக்கும் வாக்கியங்களை வையுங்கள். எழுதிய பின் சோதித்துப் பாருங்கள். காயல்பட்டினத்துப் பாட்டி கேட்பதைப் போலவும், வேலூர் மாணவன் கேட்பதைப் போலவும் இருபது கேள்விகளைக் கேட்டு, முகவர் கருவிக்கு எதை அனுப்பியது என்று பார்த்தால் குறிப்பின் ஓட்டைகள் தெரிந்துவிடும்.

செயல்படும் கருவிகள்

செய்தி தரும் கருவிகளைப் பற்றியே இதுவரை பேசினோம். பணம் அனுப்பும், கோப்பை அழிக்கும், பயணச்சீட்டை ரத்து செய்யும் கருவிகளும் உள்ளன. ‘ஜகாத்’ என்ற பெயரில் கணக்கிடும் கருவி ஒன்றும், பணம் செலுத்தும் கருவி ஒன்றும் அருகருகே இருந்து, இரண்டின் குறிப்புகளும் மங்கலாக இருந்தால் விளைவை எண்ணிப் பாருங்கள். ‘இது பணத்தை அனுப்பிவிடும், திரும்பப் பெற இயலாது, பயனரின் ஒப்புதல் இன்றி அழைக்கக் கூடாது’ என்று குறிப்பில் எழுத வேண்டும். அத்துடன், ஒப்புதல் கேட்கும் தடையை மென்பொருளிலும் தனியே அமைக்க வேண்டும். எழுத்து வழிகாட்டும், பூட்டின் வேலையை எழுத்திடம் ஒப்படைக்க முடியாது.

குறிப்பின் வலிமையைத் தீயவர்களும் அறிவார்கள். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்னும் பாதுகாப்பு ஆய்வுக் குழு, இரண்டு எண்களைக் கூட்டும் எளிய கருவி ஒன்றின் குறிப்பில் மறைமுகக் கட்டளைகளை எழுதி, முகவரைக் கொண்டே பயனரின் இரகசியக் கோப்புகளைப் படித்து அனுப்பவைக்க முடியும் என்று செய்து காட்டியது. பயனரின் கண்ணில் படாத அந்தப் பத்தி முகவருக்குக் கட்டளையாகவே அமைந்துவிட்டது. ஆகவே அறியாத இடங்களிலிருந்து வரும் கருவிகளை இணைத்துக்கொள்ளும் முன் இருமுறை யோசிப்பது நல்லது.

நம் பங்கு

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது என்பது நாம் அடிக்கடி கேட்ட செய்தி. தவணை குறிக்கப்பட வேண்டும், எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்றெல்லாம் அது அறிவுறுத்துகிறது. அந்த வசனம் மென்பொருளைப் பற்றிப் பேசவில்லை. அதை அவ்வாறு வளைப்பதும் முறையன்று. எனினும் தெளிவின்றி எழுதப்பட்ட எழுத்து பிறர் உரிமையைப் பறிக்கும் என்ற எச்சரிக்கை நம் வளர்ப்பிலேயே இருக்கிறது. அந்த வளர்ப்பைப் பணியிடத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

மென்பொருள் துறையிலுள்ள இளைஞர்களே, நிரலை முடித்துவிட்டு இறுதி ஐந்து நிமிடத்தில் குறிப்பை எழுதாதீர்கள். நிரலுக்குக் கொடுத்த கவனத்தைக் குறிப்புக்கும் கொடுங்கள். வணக்க வழிபாடு தொடர்பான கருவியானால், எழுதிய குறிப்பை உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்கு நிரல் தெரியத் தேவையில்லை; குறிப்பு சாதாரண மொழியில்தான் இருக்கிறது. எங்கே கருத்து வேறுபாடு இருக்கிறது, எதைக் கேட்காமல் விடை சொல்லக் கூடாது என்பதை அவர் உடனே சொல்லிவிடுவார். உலமாக்களும் இப்பணியைத் தங்களுக்கு அந்நியமானதாகக் கருத வேண்டாம்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது எளிது. உதவியாளர் தொழுகை நேரத்தைச் சொன்னால், “எந்த முறைப்படி? எந்த மத்ஹபின்படி?” என்று கேளுங்கள். ஜகாத் கணக்கைச் சொன்னால், “எத்தனை கிராம் என்று எடுத்துக்கொண்டாய்? நிஸாப் எவ்வளவு என்று கொண்டாய்?” என்று கேளுங்கள். தெளிவான விடை வராவிட்டால் அதை விட்டுவிட்டுப் பள்ளிவாசல் அட்டவணையையும் இமாமையும் நாடுங்கள். பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்.

பிறருக்காக எழுதும் ஒவ்வொரு சொல்லிலும் தெளிவையும், அறியாததைக் கேட்டுத் தெளியும் பணிவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக.